குதிரையற்ற குடும்பங்களும் கூட்டற் கணக்கும்

எண்களைக் குழுவாரியாகக் கூட்டுதல் இன்று கணனிக்கு ஒருவரிக் கட்டளையாகும். 1970களின் பிற்கூற்றில் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்திற் கிளீவ் மோலர் ஆக்கிய மட்லாப் என்னும் எண்கணிப்பு மொழியை உதாரணமாகக் கொள்வோம். அதிலுள்ள அக்கியும்அரே என்னும் சார்பு இரு நிரல்களை வேண்டி நிற்பது. ஒன்று கூட்டவேண்டிய பெறுமானங்களைக் கொண்டது. மற்றது ஒவ்வொரு பெறுமானமும் எக்குழுவைச் சார்ந்ததெனச் சுட்டுவது. பெறுமானங்கள் மாறாதிருக்கவும் குழு நிரலை மாற்றின் விடை மாறும். அக்குழுக்களை வகுத்தவர் யார், எந்நோக்கில் வகுத்தனர் என்பதைப் பொறி கேட்பதில்லை.

இவ்வினாவைப் பொறிக்கு முன்னரே எழுப்பிய நூல் ஒன்றுண்டு. 1899இல் வெளிவந்த ‘ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்னும் லெனினின் நூலையே கருதுகிறோம். 1864இல் நிறுவப்பெற்ற செம்ஸ்துவோ என்னும் பிரதேச சபைகளின் புள்ளிவிபரவியலாளர் விவசாயக் குடும்பங்களை வீடுவீடாகக் கணக்கெடுத்திருந்தனர். நரோத்னிக்குகள் அத்தரவுகளிலிருந்து சராசரிகளைப் பெற்று, விவசாயிகளை ஒருபடித்தான சமூகமாகக் காட்டினர். பங்குநிலத்தின் அளவுப்படி குழுக்களை வகுப்பதும் வழக்காயிருந்தது. வறியவன் தன் பங்கைக் குத்தகைக்கு விடுவதையும் செல்வன் அதனை வாங்கிப் பயிரிடுவதையும் அவ்வகுப்பு மறைத்துவிடும். எனவே லெனின் பயிரிட்ட பரப்பு, உழவு விலங்கு என்பவற்றின்படி குழுக்களை அமைத்தார்.

1888, 1891ஆம் ஆண்டுகளின் இராணுவக் குதிரைக் கணக்கெடுப்பு 49 மாகாணங்களைத் தழுவியது. சராசரி கண்டால் குடும்பத்துக்கு ஒன்றரைக் குதிரைக்குச் சற்று மேல். குழுவாரியாகக் கூட்டினாலோ, ஏறத்தாழ 102 இலட்சம் குடும்பங்களில் 28 இலட்சத்திடம் குதிரையே இல்லை; மூன்றும் அதற்கு மேலும் உடைய 22 இலட்சம் குடும்பங்களிடம் மொத்தக் குதிரைகளிற் பாதிக்கு மேல் இருந்தன. (குதிரைத் தொகையையே குழுவெண்ணாக இட்டால் அக்கியும்அரே அதனை ஏற்காது, அதன் சுட்டெண்கள் 1இலிருந்தே தொடங்குவன. குதிரையற்றோரை உள்ளே கொணர ஒவ்வோர் எண்ணுடனும் 1 கூட்டவேண்டும்!)

எனினும் லெனின் தெரிந்த குழு நிரலை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகக் கொள்வது மார்க்சியமாகாது. பிள்ளைகள் வளரப் பயிர்ப்பரப்பு விரியும், குடும்பம் பிரியச் சுருங்கும் எனக் கூறிய சயானொவ், குடும்பத்தின் அளவையும் வயதமைப்பையும் முதன்மைப்படுத்தினார். அவருக்கு மறுமொழி கூறியிருக்க வேண்டியது ஆய்வே. ஆனால் 1930இற் கைதுசெய்யப்பட்ட அவர் 1937இற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வர்க்க வேறுபாடே அடிப்படை என்பது எமது கருத்து. அதனை நிறுவ, குதிரை, குடும்ப அளவு ஆகிய இரண்டையும் ஒருசேரக் குழுச்சுட்டாக்கிப் பார்த்தல் வேண்டும். குழுச்சுட்டை இரு நிரல்களாகக் கொடுப்பின் அக்கியும்அரே அவ்விருவழி அட்டவணையை உடனே தந்துவிடும். ஆனால் அதற்குத் தனிக் குடும்பத்தின் பதிவு தேவை. முன்னரே ஒருவழியிற் கூட்டி அச்சிடப்பட்ட அட்டவணைகளிலிருந்து அதனை மீளப் பெறல் இயலாது.