வரவழைப்பு மந்திரவாதி: ஒரு விளையாட்டுப் பாத்திரத்தின் வரலாறு

வரவழைப்பு மந்திரவாதி என்பவர், கற்பனையுலகப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தாம் நேரடியாகப் போரிடாமல், மந்திரத்தால் வரவழைத்த உயிரினங்களையோ உயிர்ப்பித்த பிணங்களையோ போரிடச் செய்யும் பாத்திர வகையாகும். மேசை விளையாட்டுகளில் தோன்றிய இவ்வகை, 1980களில் நிகழ்பட விளையாட்டுகளுக்குள் நுழைந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'டயாப்லோ 2' விளையாட்டின் நெக்ரோமான்சர் இவ்வகையின் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

இப்பாத்திரத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் அதற்கு விதிக்கப்பட்ட வரம்புகளின் வரலாறாகவே காணலாம். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு நேரத்தில் ஓர் அடி மட்டுமே அடிக்கும் விளையாட்டில், ஒருவர் மட்டும் பத்துப் பேரைக் கொண்டு அடித்தால் சமநிலை குலைந்துவிடும். வரவழைத்தவை மிகவும் வலுவிழந்திருந்தாலோ, அப்பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான அளவைத் தேடியே ஐம்பது ஆண்டுகளாக விதிகள் எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளன.

தொன்மப் பின்னணி

'நெக்ரோமான்சி' என்ற சொல், இறந்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் குறி கேட்டலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து உருவானது. பண்டைய கிரேக்கத்தில் இது இறந்தவர்களிடம் வருங்காலம் கேட்கும் முறையையே சுட்டியது. ஓமரின் 'ஒடிசி' காப்பியத்தில், ஒடிசியசு பலியிட்ட விலங்கின் குருதியை இறந்தோரின் நிழல்களுக்கு அளித்து, டைரீசியசு என்னும் குறிசொல்லியிடம் வீடு திரும்பும் வழியைக் கேட்கிறான். அங்கே இறந்தவர்கள் பேசுகிறார்கள், யாருக்காகவும் போரிடுவதில்லை.

பிணங்களை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி என்ற உருவம் பிற்காலக் கதைகளில் வலுப்பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் கிளார்க் ஆசுடன் சுமித் 1932இல் எழுதிய சிறுகதை ஒன்றில், இரு மந்திரவாதிகள் அழிந்துபோன ஒரு பேரரசின் மக்கள் அனைவரையும் எழுப்பித் தமக்கு ஏவலர்களாக்குகின்றனர். களிமண்ணால் செய்யப்பட்டு உயிரூட்டப்படும் 'கோலெம்' என்னும் உருவம் யூத மரபிலிருந்து வந்தது. பிராகா நகரின் சமயகுரு யூதா லோவ் தம் மக்களைக் காக்க அத்தகைய உருவத்தைச் செய்தார் என்பது பரவலாக அறியப்பட்ட மரபுக்கதை. இவ்விரு மூலங்களும் பின்னர் 'டயாப்லோ 2' விளையாட்டில் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தன.

மேசை விளையாட்டில் தொடக்கம்

கேரி கைகாக்சு, டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், பிணங்களை எழுப்பும் மந்திரமும் நிலம், நீர், தீ, காற்று ஆகிய பூதங்களை வரவழைக்கும் மந்திரமும் இடம்பெற்றன. பூதத்தை வரவழைத்த மந்திரவாதி தம் கவனத்தை முழுவதும் அதன் மீதே வைத்திருக்க வேண்டும். கவனம் சிதறினால், பூதம் திரும்பி அவரையே தாக்கும். இவ்வகைப் பாத்திரத்திற்கு விதிக்கப்பட்ட முதல் விலைகளில் இதுவும் ஒன்று.

1978இல் வெளியான மேம்பட்ட பதிப்பின் வீரர் கையேட்டில் அரக்கர்களை வரவழைக்கும் மந்திரம் ஏழு படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வந்தவை குறிப்பிட்ட சில சுற்றுகள் மட்டுமே நின்று, பின் மறைந்துவிடும். கவனம், கால அளவு என்ற இவ்விரு தடைகளும் பின்வந்த கணினி விளையாட்டுகள் பலவற்றுக்கு அடித்தளமாயின.

தொடக்ககால நிகழ்பட விளையாட்டுகள்

1985இல் வெளிவந்த 'தி பார்ட்ஸ் டேல்' விளையாட்டில், ஆறு பேர் கொண்ட குழுவுடன் வரவழைத்த உயிரினத்திற்கெனத் தனி இடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. இடம் ஒன்றே என்பதால் எண்ணிக்கைச் சிக்கல் எழவில்லை.

சப்பானில் 1987இல் வெளிவந்த 'மெகாமி டென்செய்' வேறொரு வழியைக் கண்டது. அதன் நாயகன் கணினி நிரல் வழியே அரக்கர்களை வரவழைக்கும் மாணவன். பகை அரக்கர்களுடன் பேரம் பேசித் தன் பக்கம் சேர்க்கவும், இரண்டை இணைத்துப் புதியதொன்றை உருவாக்கவும் அவனால் முடியும். ஆனால் அவற்றை வெளியே வைத்துக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் 'மாக்னடைட்டு' என்னும் பொருள் செலவாகும். படை வைத்திருப்பவர் அதற்குத் தீனியும் போட வேண்டும் என்ற விதி இவ்வாறு வந்தது.

1990இல் வெளிவந்த 'பைனல் பேன்டசி 3' வரவழைப்பைத் தனித் தொழிலாக்கியது. இதில் வரவழைக்கப்பட்ட உருவம் களத்தில் தங்காது. தோன்றி, ஒரு பெருந்தாக்குதல் நடத்தி, மறைந்துவிடும். எனவே அது போர்வீரனைவிடப் பீரங்கிக் குண்டையே ஒத்திருந்தது. 1997இல் வந்த 'பைனல் பேன்டசி 7' விளையாட்டில் ஒரு வரவழைப்பின் அசைவூட்டக் காட்சி மட்டுமே ஒரு நிமிடத்திற்கும் மேல் ஓடியது. 2001இல் வந்த பத்தாம் பாகத்தில் முறை மாறியது. வரவழைப்பாளரான யூனா அழைக்கும் 'ஏயான்' களத்தில் நின்று குழுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டக்காரரே அதனை இயக்குவார்.

மேற்கத்தியக் கணினி விளையாட்டுகளில் எண்ணிக்கையே சிக்கலானது. 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் வரவழைப்புக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அரக்கர்களை வரவழைக்கும் மந்திரக்கோலைப் பலமுறை பயன்படுத்தி எதிரியைக் கூட்டத்தால் மூடிவிடுவது ஆட்டக்காரர்கள் நன்கறிந்த உத்தியாக இருந்தது. 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரே நேரத்தில் ஐந்து உயிரினங்களுக்கு மேல் வரவழைக்க முடியாது என்ற விதி சேர்க்கப்பட்டது.

டயாப்லோ 2: நெக்ரோமான்சர்

பிளிசார்டு நார்த் உருவாக்கிய 'டயாப்லோ 2' 2000 சூனில் வெளிவந்தது. அதன் ஐந்து பாத்திரங்களுள் ஒருவரான நெக்ரோமான்சர், வெளிறிய முகமும் வெண்ணிற முடியும் கொண்டவர். பிணங்களோடு பழகினாலும் அவர் கெட்டவர் அல்லர். ரத்மா என்பவரின் வழியைப் பின்பற்றி உலகின் சமநிலையைக் காக்கும் மரபினராகக் கதை அவரை அறிமுகப்படுத்துகிறது.

அவருடைய திறன்கள் மூன்று கிளைகளாக உள்ளன: வரவழைப்பு, நஞ்சும் எலும்பும், சாபங்கள். வரவழைப்புக் கிளையில் முதல் நிலையிலேயே எலும்புக்கூடு வீரர்களை எழுப்பலாம். 6ஆம் நிலையில் களிமண் கோலெமும், 12ஆம் நிலையில் எலும்புக்கூடு மந்திரவாதிகளும், 30ஆம் நிலையில் கொன்ற அரக்கனையே எழுப்பித் தம் பக்கம் சேர்க்கும் ஆற்றலும் கிடைக்கின்றன. எழுப்பிய அரக்கன் 180 நொடிகள் மட்டுமே நிற்பான். கோலெம் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

எலும்புக்கூட்டை எழுப்ப ஒரு சடலம் தேவை. இவ்வொரு விதியே இப்பாத்திரத்தின் ஆட்டமுறையைத் தீர்மானித்தது. முதல் எதிரியைக் கொன்றால்தான் முதல் வீரன் கிடைப்பான். அவன் கொன்றவற்றிலிருந்து அடுத்தவர்கள் எழுவர். சடலத்தை வெடிக்கச் செய்து சுற்றியுள்ளோரைத் தாக்கும் மந்திரத்திற்கும் அதே சடலம்தான் வேண்டும். ஆகவே, கிடக்கும் சடலத்தைப் படையாக்குவதா, வெடியாக்குவதா என்பதை ஆட்டக்காரர் நொடிக்கு நொடி முடிவு செய்கிறார்.

1.10 திருத்தம்

தொடக்கத்தில் எலும்புக்கூட்டுத் திறனில் எத்தனை நிலையோ அத்தனை வீரர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. 20 நிலை என்றால் 20 வீரர்கள். ஆயினும் 'நரகம்' எனப்படும் மூன்றாம் கடினநிலையில் அவை விரைவில் நொறுங்கின. கூட்டம் பெரிதாக இருந்தும் குறுகிய நடைபாதைகளில் முன்வரிசை மட்டுமே போரிட, மற்றவை பின்னால் வரிசையில் நின்றன.

2003 அக்டோபரில் வெளியான 1.10 திருத்தம் இக்கணக்கை மாற்றியது. முதல் மூன்று நிலைகளுக்கு நிலைக்கு ஒரு வீரன். அதன்பின் மூன்று நிலைகளுக்கு ஒரு வீரன் மட்டுமே. இதன்படி 20ஆம் நிலையில் எட்டு வீரர்களும், பொருள்களின் உதவியால் 30ஆம் நிலையை எட்டினால் பன்னிரண்டு வீரர்களும் கிடைப்பர். எண்ணிக்கை குறைந்தது; ஒவ்வொரு வீரனின் வலிமை கூடியது. விளையாட்டின் கடைசிப் பகுதி வரை ஒரு படையை அழியாமல் கொண்டு செல்லும் நெக்ரோமான்சர் இதன் பின்னரே பரவலானார்.

இத்தகைய மாற்றங்களில் ஆட்டக்காரர்களுக்கு இழப்பும் இருந்தது. அக்காலத்தில் ஒரு திறனில் இட்ட புள்ளியைத் திரும்பப் பெற வழியில்லை. பழைய விதிகளின்படி பல மாதங்கள் வளர்த்த பாத்திரம் புதிய விதிகளின் கீழ்ப் பயனற்றுப் போனால், முதல் நிலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். புள்ளிகளை மீட்டு மாற்றியமைக்கும் வசதி 2010இல் வந்த 1.13 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது.

பாத்திரத்தை அமைக்கும் முறை

இவ்விளையாட்டில் உச்ச நிலை 99. நிலை உயர்வால் 98 புள்ளிகளும் பணிகளை முடிப்பதால் 12 புள்ளிகளுமாக ஒரு பாத்திரத்திற்கு மொத்தம் 110 திறன் புள்ளிகள் கிடைக்கும். ஒரு திறனில் 20 வரை இடலாம். 1.10 திருத்தத்திற்குப் பின் நிலைபெற்ற வழக்கமான அமைப்பு பின்வருமாறு:

முதலில் எலும்புக்கூடு எழுப்பும் திறனும் அவற்றின் வலிமையைக் கூட்டும் தேர்ச்சித் திறனும் நிரப்பப்படுகின்றன. அடுத்து வரவழைத்தவற்றுக்குத் தீ, குளிர், மின்னல், நஞ்சு ஆகியவற்றிலிருந்து காப்பளிக்கும் திறன், களிமண் கோலெம் ஆகியவற்றுக்கு ஒரு புள்ளியேனும் இடப்படும். எதிரிகள் வாங்கும் உடல்சார் அடியைக் கூட்டும் சாபத்திற்கு ஒரு புள்ளி போதும். பொருள்களால் அதன் நிலை தானாக உயரும். மீதமுள்ளவை பெரும்பாலும் சடலத்தை வெடிக்கச் செய்யும் மந்திரத்திற்குச் செல்கின்றன.

வலிமை, உயிராற்றல் போன்ற பண்புப் புள்ளிகளில் கணக்கு வேறு. உடைமையாளரின் வலிமை எலும்புக்கூடுகளுக்குச் செல்வதில்லை. ஆகவே கவசம் அணியத் தேவையான அளவுக்கு மட்டும் வலிமையைக் கூட்டி, எஞ்சியதை உயிராற்றலில் இடுவது வழக்கம். மந்திரவாதி இறந்தால் படையும் கலையும் என்பதால், அவர் உயிரோடிருப்பதே படையின் முதல் தேவை.

இரண்டாம் அங்கத்தில் கூலிக்கு அமர்த்தப்படும் ஈட்டி வீரன் இவ்வமைப்பின் முக்கியத் துணை. அவனைச் சுற்றியுள்ள ஒளிவட்டங்களுள் ஒன்று, அருகிலிருக்கும் அனைத்து எலும்புக்கூடுகளின் அடியையும் கூட்டுகிறது. முதல் சடலத்தைத் தருபவனும் பெரும்பாலும் அவனே.

பலவீனங்கள்

சடலமே செலாவணி என்பதால், சடலம் இல்லாத இடத்தில் இப்பாத்திரம் திணறும். இரண்டாம் அங்கத்தின் இறுதியில் வரும் டூரியல் என்னும் அரக்கன் ஒரு சிற்றறைக்குள் தனியாக இருப்பான். அங்கே வேறு எதிரிகள் இல்லை. நொறுங்கிய எலும்புக்கூட்டுக்கு மாற்று எழுப்பச் சடலமும் இல்லை. இங்குக் களிமண் கோலெம் கைகொடுக்கிறது. அதனை எழுப்பச் சடலம் தேவையில்லை; மந்திர ஆற்றல் இருந்தால் போதும். அது எதிரியை மந்தமாக்கும். உடைந்தால் உடனே மறுபடி உருவாக்கலாம்.

பிற்கால வளர்ச்சி

2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' விளையாட்டின் வார்லாக்கு ஒரு நேரத்தில் ஓர் அரக்கனை மட்டுமே உடன் வைத்திருந்தார். 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' விளையாட்டிலும் இயல்பாக ஒரு வரவழைப்பு மட்டுமே களத்தில் நிற்கும். வரவழைப்புத் திறன் 100ஐ எட்டிய பின் பெறும் சிறப்புத் தகுதியால் அது இரண்டாகும். அவ்விளையாட்டில் சாதாரண மந்திரத்தால் எழுப்பிய பிணம், காலம் முடிந்ததும் சாம்பலாகிவிடும். அதனை மறுபடி எழுப்ப இயலாது.

டயாப்லோ தொடரின் மூன்றாம் பாகத்தில் நெக்ரோமான்சர் 2017இல் சேர்க்கப்பட்டார். 2023இல் வந்த நான்காம் பாகத்தில் 'இறந்தோர் நூல்' என்னும் அமைப்பு அறிமுகமானது. எலும்புக்கூடு வீரர்கள், மந்திரவாதிகள், கோலெம் ஆகியவற்றின் உட்பிரிவுகளை அதில் தேர்ந்தெடுக்கலாம். அல்லது அவற்றைத் துறந்து அதற்கு ஈடான வலிமையை மந்திரவாதியே பெற்றுக்கொள்ளலாம். படையா, தனி வலிமையா என்ற பழைய கேள்விக்கான விடை இதன்மூலம் ஆட்டக்காரரிடமே விடப்பட்டது.

மதிப்பீடு

வரவழைப்பு மந்திரவாதி 'சோம்பேறிகளின் பாத்திரம்' என்று சில ஆட்டக்காரர்களால் கேலி செய்யப்படுவதுண்டு. படை போரிட, அவர் பின்னால் நிற்கிறார் என்பதே அதன் காரணம். ஆனால் அவர் கவனிக்க வேண்டியவை மற்றப் பாத்திரங்களிடமிருந்து வேறுபட்டவை. யார் எங்கே நிற்கிறார்கள், எந்த எதிரி முதலில் விழ வேண்டும், எந்தச் சடலத்தை எதற்குப் பயன்படுத்துவது, எப்போது பின்வாங்குவது ஆகியவை ஒரு படைத்தலைவரின் முடிவுகள். 1974இன் விதி மந்திரவாதியின் கவனத்தையே விலையாகக் கேட்டது. அதன்பின் வந்த விளையாட்டுகள் மாக்னடைட்டு, சடலம், எண்ணிக்கை வரம்பு எனப் புதிய விலைகளை வகுத்தபோதும், அந்தக் கவனம் இன்றும் ஆட்டக்காரரிடமிருந்தே செலவாகிறது.