ஜூலை 30

எங்கள் தாம்பரம் அடுக்ககத்தின் வாட்ச்மேன் போன வாரம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். பன்னிரண்டு மணி நேர வேலை, சம்பளம் போதவில்லை. எழுத உட்கார்ந்ததும் நான் படித்து வளர்ந்த புதுச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளியில் பிரெஞ்சு வழிப் படிப்பு. ஜூலை 14, பஸ்தீய் சிறை தகர்ப்பு எல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஜூலை 30 பற்றி ஒரு வரி கிடையாது.

1936 ஜூனில் பாரிசில் லியோன் ப்ளூம் அரசு தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று கொடுத்தது. அதே கொடியின் கீழிருந்த புதுச்சேரிப் பஞ்சாலைக்காரனுக்கோ சங்கம் வைக்கக்கூட உரிமையில்லை. வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் கூலி உயர்வையும் வேலை நேரக் குறைப்பையும் சேர்த்தே கேட்டார்கள். சரியான கணக்கு அது. கூலியை மட்டும் கேட்டால், கொடுத்ததை முதலாளி கூடுதல் நேரத்தில் பிடித்துக்கொள்வார் அல்லவா?

ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள்.

நேருவின் யோசனைப்படி சுப்பையா பாரிஸ் போனார். 1937 ஏப்ரல் 6-ல் ஆணை வந்தது: படிப்படியாக எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை. எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது ஆலைச் சட்டப்படி வாரம் 54 மணி நேரம்!

மனுவில் சம்பளத் தொகைக்கு முன்னால், பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினேன்.

"சம்பளத்தை மட்டும் எழுதினா போதுமே, சார்" என்றார்.

"இதுவும் இருக்கட்டும்பா" என்றேன்.