தொடர் சோதனை விளக்கு

தொடர் சோதனை விளக்கு என்பது பழுதடைந்த மின்கருவி ஒன்றைச் சோதிப்பதற்காக அதனுடன் தொடராக இணைக்கப்படும் மின்னிழை விளக்கு ஆகும். பழுதுபார்க்கும் கடைகளில் இது சீரிஸ் போர்டு என வழங்குகிறது. இந்தியாவில் தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்பணியாளர் பிரிவிலும் இது கற்பிக்கப்படுகிறது.

அமைப்பு

ஒரு பலகையில் சுவிட்சு, பல்பு ஹோல்டர், சாக்கெட் ஆகியன பொருத்தப்படும். ஃபேஸ் கம்பி சுவிட்சு, விளக்கு ஆகியவற்றின் வழியே சாக்கெட்டின் ஒரு துளையை அடைகிறது. நியூட்ரல் கம்பி மற்றத் துளைக்கு நேரே செல்கிறது. இவை இடம் மாறினால், சுவிட்சு அணைந்திருந்தாலும் கருவியின் உட்பகுதியில் 230 வோல்ட்டு இருக்கும்.

செயற்பாடு

230 வோல்ட்டில் 100 வாட்டு விளக்கின் வழியே ஏறத்தாழ 0.43 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்லாது. எனவே கருவியில் குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியுமேயன்றி ஃபியூஸ் போகாது. கம்பி அறுந்திருந்தால் விளக்கு எரியாது. மின்விசிறி போன்ற சிறிய கருவி நல்ல நிலையில் இருந்தால் விளக்கு மங்கலாக எரியும்.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறுவது சலவைப்பெட்டியில்தான். 750 வாட்டு சலவைப்பெட்டியின் தடை ஏறத்தாழ 70 ஓம் மட்டுமே. எரியும் விளக்கின் தடையோ 500 ஓமுக்கும் மேல். ஆகவே பெட்டி நன்றாக இருந்தாலும் விளக்கு ஏறக்குறைய முழு ஒளியுடன் எரியும். இதைக் குறுக்குச்சுற்று எனக் கொண்டு, நல்ல சூடேற்றியைக் கழற்றி எறிந்தவர் பலர். இணைப்பைத் துண்டித்தபின் மல்டிமீட்டரால் தடையை அளந்தால் ஐயம் நீங்கும்.

தீங்கு

இவ்விளக்கு காப்பது ஃபியூசையும் கருவியையும்தான், மனிதரை அன்று. ஈரத்தோலில் உடலின் தடை 1000 ஓம் அளவுக்குக் குறையக்கூடும். அந்நிலையில் ஃபேஸ் முனையைத் தொட்டால், விளக்கு இடையில் இருந்தும் 150 மில்லி ஆம்பியருக்கு மேல் உடலில் பாயலாம். இது உயிரைப் போக்கப் போதுமானது. வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் துண்டிப்பான்கள் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதை இங்கு ஒப்பிடலாம்.

கருவியின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிகிறதா என்பதையும் சிலர் இவ்விளக்கால் சோதிப்பர். விளக்கு எரிந்தால் பழுது உறுதி. எரியாவிட்டால் கருவி பாதுகாப்பானது என்று பொருளில்லை: 30 மில்லி ஆம்பியர் கசிவில் 100 வாட்டு விளக்கின் இழை கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிராது. இதற்கு மெக்கர் எனப்படும் காப்புத்தடை அளவியே ஏற்றது. எர்த் கம்பி தொடர்ச்சியாக உள்ளதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

விளக்கின் தெரிவு

இழை சூடாகும்போது தடை கூடுவதே இம்முறையின் அடிப்படை. எனவே சி.எஃப்.எல்., எல்.இ.டி. விளக்குகள் இதற்குப் பயன்படா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 வாட்டு மின்னிழை விளக்குகளைச் சந்தைக்குக் கொண்டுவருவது 2009 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.