அறுபத்திரண்டரையின் பொருள்

ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களை அறிந்தோருக்குத் தரம் பிரித்தல் பழகிய தொழிலே. புகையூட்டிய ஷீட்டை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, குமிழியும் அழுக்கும் பார்த்து, முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை வகுப்பர். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி ஷீட்டுகள் உண்டு. மற்றபடி கண்ணே அளவுகோல். 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்த பின்னரே ஆய்வுக்கூடம் அழுக்கை அளந்து எண்ணாகச் சொல்லத் தொடங்கியது.

எழுபதுகளில் நம் இடைநிலைப் பள்ளித் தேர்விலும் 1 சிறப்பு, 9 தோல்வி. எண் குறையக் குறைய மேன்மை என்று பழகிய நம்மை, ஜாசினுக்குத் தாமதமாக வந்துசேர்ந்த ஆனந்த விகடனின் திரைப்பட மதிப்பெண் திகைக்க வைத்தது. 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்திற்கு அவ்விதழ் வழங்கியது நூற்றுக்கு 62.5. மறு ஆண்டு வந்த மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பெற்றது 61. எஞ்சிய முப்பத்தேழரையை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்று நண்பர்களோடு வாதிட்டதுண்டு.

தமிழ்நாட்டுப் பள்ளியில் 35 தேர்ச்சி, 60 முதல் வகுப்பு. அங்குள்ள வாசகர் அந்தப் பழக்கத்தோடு படித்தார். விகடன் 60ஐத் தொடுவதே அரிது என்பதையும் அவர் அறிவார். அவருக்கு 62.5 குறையன்று, உச்சி. ஒரு சொல்லின் மதிப்பை அதன் அயற்சொற்களே வரையறுக்கின்றன என்னும் சசூரின் கருத்தை விளக்க இதனினும் நல்ல சான்று நமக்குக் கிட்டியதில்லை.

மேல்நாட்டிலும் மதிப்பீடு ஒரு கைக்கு உரியதாகவே தொடங்கியது. 1928இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தைரர் படங்களுக்கு நட்சத்திரம் இட்டார். 1969 முதல் ராபர்ட் கிறிஸ்காவ் இசைத்தட்டுகளுக்குப் பள்ளி ஆசிரியர்போல் எழுத்துத் தரம் வழங்கினார். அவர்கள் தாராளமானவர்களா, கஞ்சர்களா என்பதை வாசகர் நாளடைவில் கண்டுகொள்ளலாம். இன்று கைப்பேசியில் தோன்றும் பத்துக்கு இத்தனை என்ற சராசரியில் அக்கை தெரிவதில்லை. எனவே அவ்வெண்ணால் நமக்கு விளையும் பயன் சிறிதே.

விகடன் வாசகருக்கோ மாதிரி ஷீட்டும் இருந்தது. 1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ 60 பெற்றபோது நாம் முதலில் செய்தது கழித்தல் கணக்கு: ‘16 வயதினிலே’யைவிட இரண்டரை குறைவு.