ஹௌராவுக்கு வந்த எஞ்சின்

மோட்டார் வண்டியின் எஞ்சின் ஒன்றைத் தொலைவிலுள்ள ஊருக்குச் சரக்காக அனுப்ப வேண்டியவர் முதலில் செய்வது யாது? உள்ளிருக்கும் எண்ணெயை வடிக்கிறார். திறந்த வாய்களைத் துணியாலும் தக்கையாலும் அடைக்கிறார். மரச்சட்டத்தின்மேல் எஞ்சினை இருத்தி அசையாமல் பிணைக்கிறார். பெறுபவர் பெயரையும் ஊரையும் பெட்டியின்மீது பெரிய எழுத்தில் எழுதுகிறார். பிறகு சரக்கு அலுவலகத்தில் ரசீது பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த ரசீது கையிலிருக்கும் வரையில் பொருள் தம்முடையது என்ற உறுதி அவருக்கு உண்டு. பொருள் உரிய ஊரில் போய் இறங்குமா என்பது வேறு வினா.

இந்த வினா வங்காளத்தின் வரலாற்றில் ஒருமுறை மிகப் பெரிய அளவில் எழுந்தது. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹௌராவில் முதல் புகைவண்டியை ஓட்டுவதற்காக இங்கிலாந்தில் கப்பலேற்றிய எஞ்சின் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. நேயர்கள் இதனைக் கட்டுக்கதை என எண்ணிவிட வேண்டாம். கிழக்கிந்திய ரயில்வேயின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் குறிப்பிடும் செய்தியே இது.

‘எஞ்சின்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறி மேலே செல்வோம். பொறி என்றும், இயந்திரம் என்றும், இழுவைப் பொறி என்றும் மொழிபெயர்ப்பாளராகிய நாம் கோப்புகளில் பல காலமாக எழுதி வருகிறோம். எனினும் ரயிலடியில் நின்று ‘இழுவைப் பொறி வந்துவிட்டதா?’ எனக் கேட்ட ஒருவரையும் நாம் கண்டதில்லை. ஆகவே இங்கு எஞ்சின் என்றே சொல்லுவோம்.

கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி 1845-ஆம் ஆண்டு லண்டனில் அமைந்தது. அதனை முன்னின்று தோற்றுவித்தவர் ரோலண்ட் மக்டொனால்ட் ஸ்டீபன்சன் என்பவர். 1849 ஆகஸ்ட் 17-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பத்து லட்சம் பவுன் முதலீட்டில், கல்கத்தாவிலிருந்து வடமேற்காகச் சோதனைப் பாதை ஒன்றை அமைப்பது என்பது ஏற்பாடு. இந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்தை நாம் மறக்கலாகாது. முதலிட்டவர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வட்டி இந்திய வருவாயிலிருந்து கொடுபடும். பத்து லட்சம் பவுனும் செலுத்தப்பட்ட நிலையில் இது ஆண்டுக்கு 50,000 பவுன் ஆகிறது. ஒரு கப்பல் தாமதித்தால் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு காசும் குறையவில்லை. தாமதத்திற்கு ஈடு கொடுத்தவர், அந்த எஞ்சினைக் கண்ணால் காணாத வங்காளத்து உழவரும் சென்னை மாகாணத்து உழவருமே.

இனி, எஞ்சின் எவ்வாறு பிரயாணம் செய்தது என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். இந்தியாவுக்கு வகுத்த இடைவெளி 5 அடி 6 அங்குலம். ஆகவே இந்தியாவுக்கென்று செய்த எஞ்சின் தொழிற்சாலை வாயிலிலிருந்து துறைமுகம் வரையில்கூடத் தன் சக்கரங்களில் உருண்டு செல்ல இயலாது. ஆயிரம் பேரை இழுத்துச் செல்வதற்கென்று பிறந்த அது, தன் முதல் பிரயாணத்தில் வெறும் சுமையாகவே கிடந்தது. அக்கால வழக்கப்படி கொதிகலன் தனியாகவும், சக்கரங்களும் அச்சுகளும் தனியாகவும், நுண்ணிய பாகங்கள் பெட்டிகளிலும் செல்லும். உப்புக்காற்றில் துரு ஏறாதிருக்க, பளபளக்கும் இரும்புப் பாகங்களின்மேல் கொழுப்பையும் வெள்ளீயச் சுண்ணத்தையும் குழைத்துப் பூசுவர்.

கப்பல் கூலி கணக்கிடும் முறையும் அறியத்தக்கதே. சரக்கு கனமானதாயின் எடைக்கு டன் கணக்கு. இடத்தை அடைப்பதாயின் 40 கன அடியை ஒரு டன்னாகக் கொண்ட அளவைக் கணக்கு. இரண்டில் எது கப்பல்காரருக்கு லாபமோ அது. ஏற்றிய சரக்குக்குக் கப்பல் தலைவர் சரக்குச் சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார். அது பல படிகளாக எழுதப்படும்; ஒன்று அனுப்புபவரிடம் இருக்கும், ஒன்று தபாலில் பெறுபவருக்குச் செல்லும். கடலாலும் ஆற்றாலும் பிரயாணத்தாலும் விளையும் அபாயங்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று அச்சீட்டிலேயே கப்பல்காரர் விலகிக்கொள்வதும் வழக்கம். அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் அடங்காத விபத்து எது என்று நமக்குத் தெரியவில்லை.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். அதற்கு முன்பு சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். பாய்மரக் கப்பலுக்கு இது மாதக்கணக்கான வழி. கடிதமோ எகிப்து நாட்டுத் தரைவழியாக ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். ஆகவே சரக்குச் சீட்டு முன்னே வர, சரக்கு பின்னே வருவது இயல்பு. ஹௌராவில் காத்திருந்த என்ஜினீயர்களிடம் காகிதம் இருந்தது, எஞ்சின் இல்லை.

அனுப்பிய பொருள்களுள் பிரயாணிகள் ஏறும் வண்டிகள், மற்ற வண்டிகளுக்கு மாதிரியாக அமைய வேண்டியவை, ‘குட்வின்’ என்ற கப்பலில் வந்தன. அக்கப்பல் பெருங்கடல் முழுவதையும் கடந்து, கல்கத்தாவின் வாயிலுக்கே வந்து, சாண்ட்ஹெட்ஸ் என்னுமிடத்தில் மூழ்கிற்று. தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் தீர்த்தமாடச் செல்லும் கங்கா சாகரத்திற்குத் தெற்கே, ஹூக்ளி ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள மணல்திட்டுகளே சாண்ட்ஹெட்ஸ். அங்கிருந்து கல்கத்தா வரையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் ஆற்றுவழி. கடலை அறிந்த மாலுமி இந்த ஆற்றை அறியார். மணல் இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் குவியும். தாமோதரமும் ரூப்நாராயணமும் வந்து கலக்குமிடத்திலுள்ள ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்னும் திட்டு, 1694-இல் அங்கு அழிந்த கப்பலின் பெயரையே தாங்கியிருக்கிறது. எனவேதான் வழிகாட்டி மாலுமிகள் ஆற்றின் வாயில் தங்கள் கப்பலில் காத்திருந்து, வரும் கப்பல்களில் ஏறி அவற்றை நடத்தி வந்தனர். அத்தகைய இடத்தில் ‘குட்வின்’ போயிற்று. அதனோடு வண்டிகளும் போயின.

எஞ்சினை ஏற்றிய கப்பலின் கதை வேறு விதமானது. அது மூழ்கவில்லை, வழிமாறி அனுப்பப்பட்டு ஆஸ்திரேலியாவை அடைந்தது. அக்காலத்துக் கடல்வழியை அறிந்தோர்க்கு இது அவ்வளவு விந்தையாகத் தோன்றாது. இந்தியாவுக்குப் போகும் கப்பலும் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலும் ஆப்பிரிக்காவின் தென்முனை வரையில் ஏறக்குறைய ஒரே வழியில் செல்பவை. 1851-இல் விக்டோரியாப் பகுதியில் பொன் கிடைத்ததிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாய்ச் சென்றுகொண்டிருந்தன. துறையில் நங்கூரமிட்டதும் மாலுமிகள் பொன் தேடி ஓடிவிட, கப்பல்கள் ஆளின்றி நின்ற காலம் அது.

கல்கத்தாவில் இருந்தவர்கள் எஞ்சின் எங்கே என்று யாரைக் கேட்பது? இந்தியாவில் மின்தந்தி பிறந்ததே கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையில், 1850-இல் தொடங்கிய சோதனைக் கம்பியில்தான். ஆற்றில் நுழைந்துவிட்ட கப்பலின் செய்தியை அது நகரத்துக்குக் கொண்டுவரும். ஆனால் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது 1865-இல். கடலுக்கு அப்பால் இருப்பது எதுவோ அதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சந்திரநகரை ஆண்ட பிரெஞ்சுக்காரரோடு பாதை செல்லும் நிலத்தைப் பற்றி எழுந்த தகராறும் காலத்தைத் தின்றது.

இதற்கிடையில் பம்பாய் முந்திக்கொண்டது. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 14 வண்டிகளோடு புகைவண்டி ஓடிற்று. இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் பிள்ளைகள் இதனைச் சொல்லுவார்கள், சொல்லவேண்டியதும் அதுதான். ஆயினும் அந்த முதன்மையில் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் கருத்து. பம்பாய்க்கு இயற்கையிலேயே ஆழமான துறைமுகம் உண்டு; ஆற்றைக் கடந்து நுழைய வேண்டியதில்லை.

ஹௌராவில் எஞ்சின் பகுதிக்குத் தலைமை வகித்தவர் ஜான் ஹாட்ஜ்சன். மாதிரி வண்டிகள் கடலுக்கடியில் போய்விட்டன என்றதும் அவர் மறுபடியும் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. தாமே வரைபடங்களைத் தயாரித்து, கல்கத்தாவில் குதிரை வண்டி செய்து வந்த ஸ்டூவர்ட் கம்பெனியிடமும் சீட்டன் கம்பெனியிடமும் அவ்வேலையை ஒப்புவித்தார். கோச்சு வண்டி செய்து பழகிய தச்சரும் கொல்லரும், தாங்கள் ஒருநாளும் கண்டிராத ரயில் வண்டியைச் செய்யத் தொடங்கினர். கப்பல் மூழ்கியிராவிடில் இந்த வேலை அவர்கள் கைக்கு வந்திருக்காது. கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் வரிசை வண்டிகள் இந்நாட்டு உழைப்பாளரின் கையால் ஆனவை என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லி முடித்துவிடுகின்றன. செய்தவர்களுடைய பெயர்களை எந்த நூலும் கூறவில்லை. கம்பெனி முதலாளிகளின் பெயர்களே நிற்கின்றன.

எஞ்சின் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி 1854-இல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 28-ஆம் நாள் ஹௌராவிலிருந்து பாண்டுவா வரையில் சோதனை ஓட்டம் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று காலை எட்டரை மணிக்குப் பொதுமக்களை ஏற்றிய முதல் வண்டி ஹௌராவை விட்டுப் புறப்பட்டு, 24 மைல் தொலைவிலுள்ள ஹூக்ளியை 91 நிமிஷத்தில் அடைந்தது. இடம் வேண்டி விண்ணப்பித்தவர் 3,000 பேர் என்பர். அவர்களுள் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. முதல் வகுப்புக்கு 3 ரூபாய். மூன்றாம் வகுப்புக்கு 7 அணா. அன்று ஹூக்ளி ஆற்றின்மேல் பாலம் இல்லை; மிதவைப் பாலம் வந்தது 1874-இல்தான். நகரத்து மக்கள் ஆர்மீனியர் துறையில் சீட்டு வாங்கிப் படகில் கடந்து வண்டி ஏறினர்.

முதல் 16 வாரங்களில் பிரயாணம் செய்தோர் 1,09,634 பேர். அவர்களுள் முதல் வகுப்பில் சென்றோர் 5,511. இரண்டாம் வகுப்பில் 21,005. மூன்றாம் வகுப்பில் 83,118. ரயில் வண்டியில் இந்நாட்டு மக்கள் ஏறமாட்டார்கள், சாதி வேற்றுமை தடுக்கும் என்று லண்டனில் பேசிய அறிஞர் பலர். அவர்களுக்கு இந்தக் கடைசி எண்ணே மறுமொழியாயிற்று.

நம் சென்னையை நினைத்துப் பார்த்தால் ஹூக்ளியின் இடர்கூடச் சிறிதாகத் தோன்றும். 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியபோது, சென்னையில் கப்பல் அணையும் துறைமுகமோ, சரக்கிறக்கும் பாலமோ கிடையாது. கப்பல் கடலில் நிற்க, கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் அலைகளின் ஊடே கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்தன.

1855-இல் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகரத்துக் கிட்சன் தொழிற்சாலையிலிருந்து கிழக்கிந்திய ரயில்வேக்கு மேலும் எஞ்சின்கள் வந்தன. அவற்றுள் 21-ஆம் எண் ‘எக்ஸ்பிரஸ்’. 22-ஆம் எண் ‘ஃபேரி குவீன்’. இவை உரிய துறையிலேயே இறங்கின. ஃபேரி குவீன் 26 டன் எடையுள்ளது. 1855 பிப்ரவரியில் ராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்ட பாதையில் உழைத்து, 1857 கிளர்ச்சியின்போது படைகளை ஏற்றிச் சென்று, 1909-இல் ஓய்வு பெற்றது. ஹௌரா நிலையத்தின் வெளியே ஒரு மேடையின்மீது 1943 வரையில் அது நின்றது. பின்பு சந்தோசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்கும், அதன்பின் தில்லிக்கும் சென்றது. 1997-இல் மறுபடியும் நீராவி ஏற்றப்பட்டு, தில்லியிலிருந்து ஆல்வார் வரை சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் சென்றது. 2011-இல் அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிச் சென்றுவிட்டனர். சீட்டும் ரசீதும் இல்லாமல் சரக்கு அனுப்பும் முறை இது ஒன்றுதான்!

அப்போது அந்த எஞ்சின் பழுதுபார்ப்பதற்காக நெடுந்தூரம் வந்து சேர்ந்த இடம் சென்னையிலுள்ள பெரம்பூர் லோகோ தொழிற்சாலை. அதற்கு முன்னரே, 2010-இல், எண் 21-ஐ உயிர்ப்பித்திருந்தவர்களும் பெரம்பூர்த் தொழிலாளரே. இழந்த பாகங்களுக்குப் புதியவை செய்து பொருத்தி, 2012 டிசம்பர் 22-ஆம் நாள் ஃபேரி குவீனை மீண்டும் பாதையில் ஓடவிட்டார்கள்.