தண்ணிக்குடம் முன்னாடியே உடைஞ்சிடுச்சா? சி.ஆர்.பி டெஸ்ட் சொல்வதும் சொல்லாததும்!

37 வாரம் முடிவதற்கு முன்பே, வலி ஆரம்பிக்காமலே பனிக்குடம் உடைந்துவிடுவது சில கர்ப்பிணிகளுக்கு நடக்கும். குழந்தையைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வளையம் திறந்துவிட்டதால், கிருமிகள் கர்ப்பப்பைக்குள் ஏறிவிடலாம். அதைக் கண்காணிக்கத்தான் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறார்கள். ரிசல்ட் இப்போது நேராக நம் மொபைலுக்கே வந்துவிடுகிறது. அந்த நம்பரை எப்படிப் புரிஞ்சுக்கணும்?

சி.ஆர்.பி என்றால் என்ன?

உடலில் எங்காவது தொற்றோ அழற்சியோ ஏற்பட்டால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். ஆனால், யூரின் இன்ஃபெக்‌ஷன், ஃப்ளூ காய்ச்சல் வந்தாலும் இது ஏறும். தொற்று எங்கே இருக்கிறது என்று இதற்குச் சொல்லத் தெரியாது. தொற்று தொடங்கி சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும் என்பதால், முதல் டெஸ்ட் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

வெள்ளையணுக்கள் எண்ணிக்கை?

சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை. கர்ப்ப காலத்தில் 15,000 வரைகூட இயல்பாகவே ஏறலாம். குழந்தையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாள்களுக்கு இதை ஏற்றிவிடும். இ.எஸ்.ஆர் கர்ப்பத்தில் எப்போதுமே அதிகம்தான், அதனால் இங்கே பெரிதாக உதவாது.

அப்போ எதை நம்புவது?

எந்த ஒரு டெஸ்ட்டையும் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் இங்கிலாந்தின் 'நைஸ்' மருத்துவ வழிகாட்டுதல். சி.ஆர்.பி, வெள்ளையணுக்கள், தாயின் உடல்நிலை, குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். ஒருமுறை வந்த நம்பரைவிட, அடுத்தடுத்த டெஸ்ட்டுகளில் அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

ரிசல்ட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான உதாரணம், அயர்லாந்தில் வசித்த இந்தியப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில் அனுமதிக்கப்பட்ட அன்றே அவருக்கு வெள்ளையணுக்கள் 16,900 என்று வந்தது. அது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளியானது. பனிக்குடம் உடைந்து, தொற்று ரத்தத்தில் பரவி, ஒரே வாரத்தில் இறந்துபோனார்.

உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

* 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
* படபடப்பு, வேகமான நாடித்துடிப்பு
* அடிவயிற்றில் தொட்டாலே வலி
* கசியும் நீரில் துர்நாற்றம், பச்சை அல்லது பழுப்பு நிறம்
* குழந்தையின் அசைவு குறைவது

நீர் கசிவது போலத் தோன்றினால், 'யூரினா இருக்கும்' என்று காத்திருக்க வேண்டாம். பேட் வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பித்தது, என்ன நிறம், என்ன வாடை என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே ரத்தம் எடுத்தால், 'ரிசல்ட் வந்துடுச்சா டாக்டர், போன தடவையைவிட ஏறியிருக்கா?' என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை!