‘ஸ்விட்ச்பேக்’: ஒரு மலைப்பாதைச் சொல்லின் கதை

மலையேற்றம் பற்றிய ஆங்கில நூல் எதையேனும் நீங்கள் புரட்டியிருந்தால் ‘ஸ்விட்ச்பேக்’ என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். செங்குத்தான சரிவில் இடமும் வலமுமாக மடிந்து மடிந்து ஏறும் நடைபாதைக்கு அமெரிக்கர்கள் வழங்கும் பெயர் அது. நாம் சொல்லும் ‘கொண்டை ஊசி வளைவு’ திரும்பும் இடத்தை மட்டுமே குறிக்கும். ஸ்விட்ச்பேக்கோ திருப்பத்தையும் அதன் இருபுறமும் நீளும் பாதையையும் சேர்த்துக் குறிப்பது.

மாணவனாக இருந்தபோது ஓர் ஆங்கிலேயரின் பயணக் கட்டுரையில் ‘ஸ்விட்ச்பேக் சாலை’ என்று படித்தேன். மலைமேல் வளைந்து ஏறும் சாலையை மனத்தில் வரைந்துகொண்டேன். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால், அங்கே மலையே இல்லை! அகராதியைத் திறந்த பிறகுதான் விளங்கிற்று. இங்கிலாந்தில் அச்சொல்லுக்கு, அலைபோல் ஏறி இறங்கிச் செல்லும் சாலை என்று பொருள். ஒரே சொல் கடலின் இரு கரைகளிலும் இரு பொருள் பெற்றது எப்படி?

அச்சொல் பிறந்தது இருப்புப்பாதையில். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் அமைப்பை ஆங்கிலேயர் ‘பாயிண்ட்ஸ்’ என்பர். நம் இரயில் நிலையங்களில் ‘பாயிண்ட்ஸ்மேன்’ இருப்பது அதனால்தான். அமெரிக்கர் அதையே ‘ஸ்விட்ச்’ என்பர். ‘பேக்’ என்றால் பின்னோக்கி. ஆக, தடம் மாறிப் பின்னோக்கிச் செல்வதே ஸ்விட்ச்பேக்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மௌச் சங்க் என்றோர் ஊர் இருந்தது. மலைமேல் வெட்டிய நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர 1827இல் அங்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இருப்புப்பாதை போட்டார்கள். எஞ்சின் கிடையாது. நிலக்கரி வண்டிகள் புவியீர்ப்பால் தாமே உருண்டு இறங்கின. காலி வண்டிகளை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அக்கழுதைகள் இறங்கும்போது தமக்கென உள்ள வண்டியில் ஏறிச் சுகமாகப் பயணம் செய்தன!

பின்னர், சுரங்கங்கள் இருந்த பள்ளத்தாக்கில் வண்டிகளை இறக்க ஒரு தந்திரம் செய்தார்கள். சரிவில் உருண்டுவரும் வண்டி முடிவில் ஒரு சிறு மேட்டில் ஏறும். வேகம் தேய்ந்து நிற்கும். பிறகு பின்னோக்கி உருளும். அதற்குள் ஸ்விட்ச் மாறியிருக்கும். வண்டி வேறு தடத்தில் எதிர்த்திசையில் இறங்கும். இதனால்தான் அந்தப் பாதைக்கே ‘ஸ்விட்ச்பேக்’ என்று பெயர் வந்தது. 1881இல் திறக்கப்பட்ட நம் டார்ஜிலிங் இரயிலும் சில இடங்களில் இப்படி முன்னும் பின்னுமாகச் சென்றுதான் மலையேறுகிறது. வண்டி திரும்ப அகலமான வளைவு வேண்டும். மலைச்சரிவில் அதற்கு இடமில்லை. (நீலகிரி இரயில் பல்சக்கரத்தை நம்பியது, அது தனிக்கதை.)

பிற்காலத்தில் மௌச் சங்க் பாதை உல்லாசப் பயணிகளின் பாதையாயிற்று. அதைப் பார்த்துத்தான் லாமார்கஸ் தாம்ப்சனுக்கு யோசனை பிறந்தது என்பார்கள். 1884இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு, அலையலையாக ஏறி இறங்கும் மரப்பாதையில் ஒரு கேளிக்கை வண்டியை ஓடவிட்டார். கட்டணம் 5 சென்ட். பெயர், ‘ஸ்விட்ச்பேக் இரயில்வே’. சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேயர் இந்த அலைப் பாதையைத்தான் கண்டார்கள். சொல்லும் அப்பொருளிலேயே அங்கு ஊன்றிவிட்டது. அமெரிக்காவிலோ கேளிக்கை வண்டி ‘ரோலர் கோஸ்டர்’ ஆகிவிட, பழைய சொல் மலைப்பாதைக்கே நின்றது.

மலையேறுபவர் ஏன் சுற்றிச் செல்ல வேண்டும்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எடை 60 கிலோ, ஏறவேண்டிய உயரம் 100 மீட்டர் என்று கொள்ளுங்கள். எந்த வழியில் ஏறினாலும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 58,800 ஜூல். அதில் தள்ளுபடி இல்லை. 200 மீட்டர் நீளமுள்ள குறுக்கு வழியில் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடந்தால் உங்கள் கால்கள் 294 வாட் திறனைத் தரவேண்டும். 1,000 மீட்டர் மடிப்புப் பாதையில் அதே வேகத்தில் நடந்தால் 59 வாட்டே போதும். முதலாவதை நம்மில் பெரும்பாலோர் சில நிமிடங்களுக்குமேல் தாங்கமாட்டோம். இரண்டாவதில் பேசிக்கொண்டே நடக்கலாம். சாய்தளத்தின் இந்தப் பாடத்தைப் பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பதியாத மாணவருக்கு, ஒருமுறை மலையேறினால் பதிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 1926இல் அமைத்த ‘வால்ட்டர்ஸ் விகிள்ஸ்’ என்ற பாதையில் இத்தகைய 21 மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இத்தகைய பாதைகளில் ஓர் ஆசை எழும்: மேல்மடிப்பு இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே, குறுக்கே ஏறிவிடலாமே! ஒருவர் ஏறினால் புல் மிதிபடும். நூறு பேர் ஏறினால் மண் வெளிப்படும். அடுத்த மழையில் நீர் அந்தத் தடத்தையே பிடித்துக்கொள்ளும். செங்குத்தான சரிவில் நீரின் வேகம் மிகுதி. வேகம் கூடக்கூட மண்ணை அரித்துச் செல்லும் ஆற்றலும் கூடும். நாளடைவில் குறுக்குத்தடம் ஓடையாகி, கீழுள்ள மடிப்பையே அறுத்துவிடும். மடிப்புகளுக்கு இடையே குறுக்கே புகுவது குறித்து அமெரிக்க தேசியப் பூங்கா விதிகளிலேயே தனிப் பிரிவு உண்டு.

மௌச் சங்க்கின் ஸ்விட்ச்பேக் பாதை 1933இல் ஓய்ந்தது. பின்னர் தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். 1954இல் ஊரின் பெயரும் ஜிம் தார்ப் என்று மாறிவிட்டது. தண்டவாளம் கிடந்த தடம் மட்டும் இருக்கிறது. இன்று அது ஒரு நடைபாதை. அதன் பெயர் ‘ஸ்விட்ச்பேக்’ பாதைதான்.